பத்துக்கால் உள்ளான்

சுஷ்மிதா அம்மாவுக்கு முத்தம் கொடுத்தாள். கொடுத்தது ஃபோனுக்கு. அம்மா ஜெயபாரதி அதே சோபாவில், விமானத்தில் வந்த கசங்கல் சுடிதாரோடு, இரண்டு கைகளையும் நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள்.

"சுஷ்மி, அம்மா எங்கடா? அம்மா காட்டு" என்று அப்பா சேதுமாதவன் கேட்டதுதான் வினையாகப் போயிற்று. பிள்ளை தத்தித் தத்தி டீப்பாய்க்குப் போய் அப்பாவின் ஃபோனை எடுத்து, கறுத்துக் கிடந்த திரையில் எச்சில் வழிய ஒரு முத்தம் வைத்தாள். "ம்மா" என்று அதை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினாள். சோபாவில் இருந்தவள் எழுந்து கிட்டே வந்ததும் வீல் என்று கத்திக்கொண்டு அப்பாவின் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்தாள்.

ஊரில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அப்பா என்பவர் ஃபோனுக்குள் இருக்கிறவர், துபாயிலிருந்து பேசுவார். ஷார்ஜாவில் இருக்கிற இந்தப் பிள்ளைக்கு அம்மா ஃபோனுக்குள் போய்விட்டாள். அதற்குக் காரணமும் பாசம்தான். ஜெயபாரதி கிளம்பும் முன் பிள்ளைக்குச் சோறூட்ட என்று சில வீடியோக்கள் எடுத்து வைத்திருந்தாள். மற்ற அம்மாக்கள் காக்கா வருது என்பார்கள். இவள் துபாய் ராஸ் அல் கோர் சரணாலயத்தில் பறவை கணக்கெடுக்கிறவள் ஆயிற்றே, "பூநாரை வருது, ஆ காட்டு" என்பாள். மனைவி போய்ச் சேர்ந்த இடத்தில் சிக்னல் சரியாக இல்லை. சேதுமாதவன் வேளாவேளைக்கு அந்த வீடியோவைப் போட்டு, "பாரு, அம்மா, அம்மா" என்று சொல்லிச் சொல்லி ஊட்டினான். பிள்ளை கற்றுக்கொண்டாள். அம்மா கையகலம் இருப்பாள், தொட்டால் சில்லென்று வழவழப்பாக இருப்பாள்.

அவள் போனது நார்வேயின் வடகோடிக்கு, மரமே முளைக்காத துந்திரா வெளிக்கு. பனிக்காலத்தில் ராஸ் அல் கோர் சேற்றில் வந்து மேய்கிற உள்ளான் என்கிற சிறு நீர்ப்பறவைகள், கோடையில் அந்த மாதிரி இடங்களில்தான் குஞ்சு பொரிக்கும். உள்ளங்கைக்குள் அடங்குகிற அந்தக் குஞ்சுகள் குளிரை எப்படித் தாங்குகின்றன என்று பார்க்கப் போன ஒரு குழுவில் அவளையும் கூப்பிட்டார்கள். ஒரு கோடை முழுக்க வேலை. பறவை படித்த எவளும் விடமாட்டாள். "பெத்த குஞ்ச விட்டுட்டு ஊரான் குஞ்ச எண்ணப் போறாளாம்" என்று அவள் அம்மாவே ஃபோனில் சொன்னாள். சொந்தக்காரர்கள் அதைவிட நயமாகச் சொன்னார்கள். நயமாகச் சொல்வதுதான் அதிகம் வலிக்கும்.

சேதுமாதவன்தான், "நான் பாத்துக்கிறேன், போ பாரதி" என்றான். அல் கூஸில் அவனுக்கு ஏசி குழாய் வேலை செய்கிற கம்பெனியில் இன்ஜினியர் உத்தியோகம். ஊருக்கெல்லாம் குளிரூட்டுகிறவன் தன் வீட்டை மட்டும் விடுவானா? பதினெட்டுக்கு மேலே வைத்தால் அது ஏசியே இல்லை என்பது அவன் கட்சி. துந்திராவிலிருந்து வந்தவள் ஆகஸ்ட் மாத ஷார்ஜாவில் வீட்டுக்குள் போர்வை போர்த்திக்கொண்டு நடந்தாள்.

அடுத்த நாள் மாடிவீட்டு அஃபீஃபா பார்க்க வந்தாள். கீழக்கரைக்காரி, கணவருக்கு துபாய் தேராவில் மசாலாக் கடை. பகலில் சுஷ்மிதாவைப் பார்த்துக்கொண்டது அவள்தான். அவளைக் கண்டதும் பிள்ளை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடியது. ஜெயபாரதி முகத்தைத் திருப்பிக்கொண்டதை அஃபீஃபா பார்த்துவிட்டாள்.

"அழுவாதீங்க பாரதி. நாங்க ஊருல இருந்தப்ப எம் மவன் ராஜிக் அவன் வாப்பாவ ஏர்போர்ட்டுல பாத்து அங்கிள்னு கூப்புட்டான். அவுக மூணு நாளு சரியாச் சோறு திங்கல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, இப்ப வாப்பா தோளவுட்டு எறங்க மாட்டேங்குறான்."

சிரிப்பு வந்தது. ஆனால் ஆறுதல் வரவில்லை. ஜெயபாரதிக்கு ஒரு வாரம்தான் லீவு. அதற்குள் பிள்ளை தன்னிடம் வந்துவிட வேண்டும் என்று அவள் ஒரு வேகத்தில் இறங்கினாள். நார்வேயிலிருந்து கொண்டு வந்த கலைமான் பொம்மையை ஆட்டினாள். பிள்ளை போகிற அறைக்கெல்லாம் பின்னாலேயே போனாள். தூக்கினாள், பிள்ளை உடம்பை வில்லாக வளைத்து அலறினாள். "சுஷ்மி, பூநாரை வருது" என்று கெஞ்சினாள். அந்தக் குரலைக் கேட்டதும் பிள்ளை ஆவலாகத் திரும்பி ஃபோனைத் தேடியது. அதுதான் தாங்க முடியவில்லை.

சேதுமாதவனுக்குப் பாவமாக இருந்தது. பிள்ளை தன்னிடம் மட்டும் ஒட்டிக்கொள்வதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அது அவளுக்கும் தெரிந்தது. அடுத்த கோடைக்கும் வருகிறாயா என்று குழுவிலிருந்து கேட்டிருந்தார்கள். வரமாட்டேன் என்று சொல்லிவிடுவதாக அவள் முடிவு செய்துவிட்டாள். பெற்ற பிள்ளைக்கு அந்நியமாகிப் படிக்கிற படிப்பு எதற்கு என்று இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளை அப்பாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. "அங்க என்னதான் பாத்த? வந்ததுலேருந்து ஒண்ணுமே சொல்லலியே" என்று அவன் கேட்டான். கேட்பான் என்றே அவள் எதிர்பார்க்கவில்லை.

"நாங்க பாத்த குஞ்சுங்களுக்கு யாரும் ஊட்டி விடுறதில்லைங்க. பொறந்த மறுநாளே தானா ஓடிப் பூச்சி புடிச்சுத் திங்கணும். ஆனா உடம்புல சூடு நிக்காது. கொஞ்ச நேரம் மேயும், குளிர் ஏறினதும் ஓடி வந்து பெரிய பறவையோட வயித்துக்கு அடியில புகுந்துக்கும். சூடு ஏறினதும் திரும்ப ஓடும். மழை, பனின்னா அடியிலேயே கெடக்கும். அப்படியே கெடந்தா பசி. வெளிய போனா குளிரு. ரெண்டுக்கும் நடுவுலதான் வளரணும்."

"அம்மாப் பறவை பாவம்."

"அம்மா எங்க இருக்கு? இந்த ஜாதியில குஞ்சு பொரிச்சுக் கொஞ்ச நாள்ல அது கெளம்பிடும். அப்பாதான் கடைசி வரைக்கும்."

இருவரும் மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார்கள். சேதுமாதவன் கனைத்துக்கொண்டான். அவள் மேலே சொன்னாள்.

"ஒரு நாள் மழையும் பனியுமா அடிச்சுது. ஒரு பறவைக்கு நாலு குஞ்சு. மூணு அடியில போயிடுச்சு. ஒண்ணு மட்டும் என் பூட்ஸ் பக்கத்துல நனைஞ்சு நடுங்கிக்கிட்டு நிக்குது. எனக்கு மனசு கேக்கல. எடுத்து உள்ளங்கையில வச்சுச் சூடு பண்ணலாம்னு குனிஞ்சேன். கூட இருந்தவங்க தடுத்துட்டாங்க. நான் பக்கத்துல போகப் போக அது இன்னும் தள்ளி ஓடுது. எங்கிட்டேருந்து ஓடுறதுலயே இருக்கிற சூட்டையும் தொலைக்குது. சரின்னு விலகிப் போய்ப் படுத்துக்கிட்டோம்."

"அப்பாப் பறவை வந்து கூட்டிட்டுப் போச்சாக்கும்."

"அதான் இல்ல. அது ஒரு புல்லுத் திட்டுல உக்காந்துச்சு. எறகை உப்பிக்கிட்டு, எடம் விட்டுக்கிட்டு, கிர் கிர்னு மெல்லக் கூப்பிட்டுக்கிட்டே இருந்துச்சு. எழுந்து தேடி வரவே இல்ல. எழுந்தா உள்ள இருக்கிற மூணுக்கும் குளிரும். கடைசியில இந்தக் குட்டி விழுந்து எழுந்து தானா போய்ப் புகுந்துச்சு. பாத்தா, ஒரு பறவைக்குப் பத்துக் கால். குட்டிக் குட்டியா வெளிய நீட்டிக்கிட்டு…"

சொல்லிச் சிரித்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். அத்தனை தூரம் போய், அத்தனை குளிரில் படுத்துக் கிடந்து பார்த்ததை வீட்டுக்கு வந்ததும் மறந்துபோனோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது. இந்த வாரம் முழுக்க அவள் பூட்ஸ் போட்டுக்கொண்டு குஞ்சைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பிள்ளையின் பக்கம் போகவே இல்லை. ஹாலில் சுவரோரம் தரையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். அவ்வப்போது "சுஷ்மி" என்று மெல்லக் கூப்பிடுவாள். பிள்ளை ஃபோனைப் பார்க்கும், இவளைப் பார்க்கும், பிறகு தன் சோலியைப் பார்க்கப் போய்விடும். காலை போயிற்று, மதியமும் போயிற்று. கால் மரத்துப்போனது. மறுநாள் டியூட்டி. எழுந்து ஓடிப்போய் வாரி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கை துடித்தது. உட்கார்ந்தே இருந்தாள்.

சாயங்காலம் சேதுமாதவன் பிள்ளையைக் குளிப்பாட்டி ஒரு ஜட்டியை மாட்டி விட்டுவிட்டு, கவுன் எடுக்க உள்ளே போனான். ஈரத்தலையோடு பிள்ளை ஹாலுக்கு ஓடி வந்தது. ஏசி நேராகத் தலைக்கு மேல் வீசியது. உடம்பெல்லாம் புல்லரித்து, உதடு நடுங்கியது. அப்பாவைக் காணோம். அழுவதற்கு வாய் கோணியது.

"சுஷ்மி" என்றாள் ஜெயபாரதி. போர்வையின் ஒரு பக்கத்தை மட்டும் கொஞ்சம் திறந்து வைத்தாள்.

பிள்ளை டீப்பாயிலிருந்து ஃபோனை எடுத்தாள். அழவேண்டும் போலிருந்தால் அம்மாவை எடுப்பது அவள் வழக்கம். ஃபோனோடு வந்து, முதுகைக் காட்டித் திரும்பி, யார் மடியிலும் உட்காருவது போலப் பொத்தென்று உட்கார்ந்து, ஃபோனை நீட்டினாள். "ம்மா" என்றாள். போட்டுக் காட்டு என்று அர்த்தம்.

ஜெயபாரதி ஃபோனை வாங்கினாள். தன்னைத் தானே போட்டுக் காட்டினாள். திரையில் அந்தப் பழைய ஜெயபாரதி சிரித்தாள். "பூநாரை வருது, ஆ காட்டு" என்றாள். மடிக்காரியும் கூடவே, "ஆ காட்டு" என்றாள்.

பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. திரையைப் பார்த்தது. மறுபடி நிமிர்ந்து, ஈர விரலை மேலே நீட்டி அவள் வாயைத் தொட்டது. உதட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. இந்த அம்மா சில்லென்று இல்லை. ஃபோன் மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்து, தன்பாட்டுக்குப் பூநாரையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பிள்ளை திரும்பி, தலையைப் போர்வைக்குள் விட்டு, ஐஸ் மாதிரி இருந்த இரண்டு பாதங்களையும் அவள் வயிற்றில் அழுத்தி வைத்துக்கொண்டாள். ஜெயபாரதி சத்தம் வராமல் அழுதாள், அசையவில்லை.

கவுனோடு வந்த சேதுமாதவன் அறை வாசலிலேயே நின்றுவிட்டான். அவன் முகத்தில் ஒரு கணம் ஏதோ பறிபோன மாதிரி இருந்தது. பிறகு அதுவும் போய், கண் கலங்கியது. போர்வைக்குக் கீழே குட்டியாக ஒரு குதிகால் நீட்டிக்கொண்டிருந்தது. அவன் ஓசைப்படாமல் நடந்து போய் ரிமோட்டை எடுத்தான்.

"நடுங்குறாளே, ஏசியக் கம்மி பண்ணட்டா?" என்று கிசுகிசுத்தான்.

"வேணாங்க" என்றாள் ஜெயபாரதி. "கொஞ்சம் குளிரட்டும்."