சத்தமில்லாத பம்பு

திங்கட்கிழமை காலை எங்கள் வீட்டு மீன்தொட்டியின் பம்பு செத்துப்போனது. வெள்ளிக்கிழமைக்குள் நான் அகப்பட்டுக்கொள்வேன் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

தொட்டி ஆறடி நீளம். சென்னையில் இழுத்து மூடிய ஓட்டல் ஒன்றிலிருந்து என் கணவர் ஜெபசீலன் மூன்று வருடம் முன்பு வாங்கிவந்தது. அவர் பொதட்டூர்பேட்டையில் கணக்கு வாத்தியார். கடலே இல்லாத திருத்தணியில் உப்புத்தூளைக் கரைத்து ஒரு கடல் செய்து, அதில் பவளங்களையும் இரண்டு கோமாளி மீன்களையும் வாழவைத்திருந்தார். தொட்டியிலிருந்து வழியும் தண்ணீர் கீழே அலமாரிக்குள் இருக்கும் சம்ப் என்கிற சிறிய தொட்டியில் இறங்கும், அங்கே சுத்தமாகும், ஒரு பம்பு அதை மறுபடி மேலே ஏற்றும். அந்தப் பம்புதான் செத்தது. உயிரோடு இருந்தவரை மாவு மில் மாதிரி இரைந்தது.

அந்த இரைச்சலுக்குள்தான் நான் மூன்று வருடமாக ஒளிந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஹாலில் ஜெபக்கூட்டம். பாட்டு முடிந்ததும் சங்கிலி ஜெபம். வட்டமாக உட்கார்ந்து ஒருவர்பின் ஒருவராக வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். பம்பு இரைச்சலில் ஒருவர் முடித்தது அடுத்தவருக்குக் கேட்காது. அதனால் முடித்தவர் பக்கத்தில் இருப்பவரின் முழங்கையைத் தொடுவது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. என் முழங்கை தொடப்பட்டதும் "அன்பின் பரலோகப் பிதாவே" என்று உரக்கத் தொடங்குவேன். பிறகு குரலை இறக்கி, கண்ணீர் முட்டுகிற முகத்தோடு, "துவரம்பருப்பு ரெண்டு கிலோ, கடுகு, புளி, துணி சோப்பு நாலு" என்று அந்த வார மளிகைப் பட்டியலைச் சொல்வேன். கடைசியில் உரக்க ஓர் ஆமென்.

விசுவாசம் இல்லாமல் இல்லை. பாத்திரம் தேய்க்கும்போது ஆண்டவரிடம் நிறையப் பேசுவேன், சண்டைகூடப் போடுவேன். நாலு பேர் கேட்க வாய் திறந்தால் மட்டும் வருகிற வார்த்தையெல்லாம் யாரோ ஒருத்திக்கு அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி இருக்கும். கையைத் தூக்க முடியாது. இதை முதல் வாரமே சொல்லியிருக்கலாம். ஆனால் முதல் வாரமே என் மாமியார் தேவசுந்தரி, "எம் மருமவ எவ்ளோ உருக்கமா ஜெபிக்குது பாத்தியா?" என்று தன் தம்பி ஜெபதுரையிடம் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு பருப்பை விட்டு இறங்க வழியில்லாமல் போயிற்று.

மீன்கள் நாலு நாள் தாங்குவதற்கு ஒரு சின்னக் காற்று மோட்டாரைப் போட்டுவிட்டு, ஜெபசீலன் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார்.

"டெபோரா, சம்ப்ல இருந்து மேல நாலரை அடி ஏறணும். நடுவுல ரெண்டு வளைவு. அதுலயே பாதி வேகம் போயிடும். மேல வந்து மணிக்கு மூவாயிரம் லிட்டர் விழணும்னா, ஆறாயிரம்னு எழுதியிருக்கற பம்பா வாங்கணும்."

"சரிங்க."

"டிசி பம்புதான். வேகத்த கூட்டிக்கலாம், கொறச்சுக்கலாம். முக்கியமா, சத்தமே வராது."

"சத்தமே வரலன்னா ஓடுதா நின்னுடுச்சான்னு எப்படிங்க தெரியும்?"

அவர் என்னை மரியாதையோடு பார்த்தார். மூன்று வருடத்தில் பம்பைப் பற்றி நான் கேட்ட முதல் கேள்வி. "நல்ல கேள்வி. நின்னா அலாரம் அடிக்கும்" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே ஆர்டர் போட்டார்.

மறுநாள் நான் கே.ஜி.கண்டிகைக்குப் பஸ் ஏறினேன். அங்கே தங்கவேல் இருபது வருடமாக விவசாய மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவர்.

"அண்ணே, நல்லா சத்தம் போடற பம்பு ஒண்ணு வேணும்."

"சத்தம் வருதுன்னுதாம்மா எல்லாரும் என்னாண்ட எடுத்துகினு வராங்க."

"ஹால்ல ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்குக் கேக்கக் கூடாதுண்ணே."

"ஊட்ல சண்டையா?"

"ஜெபக்கூட்டம்."

அவர் மேற்கொண்டு கேட்காமல் இருந்ததற்கு இன்றும் நன்றியாக இருக்கிறேன். "அரை ஹெச்பி ஒண்ணு கீது. போட்டா மலைக்கோயிலு முந்நூத்தறுபத்தஞ்சு படியும் தண்ணி தானா ஏறும்."

வியாழக்கிழமை மாலை அதை வீட்டுக்கே கொண்டுவந்து, கொல்லைப்புறத்து டிரம்மில் குழாயை விட்டு சுவிட்சைப் போட்டார். தண்ணீர் ஒருமுறை இருமியது. பிறகு மதில் சுவரைத் தாண்டிப் போய், பக்கத்து வீட்டு தேவகி கொடியில் காயப்போட்டிருந்த மூன்று லுங்கிகளையும் அடித்துத் தெருவில் தள்ளியது.

"அடியே டெபோரா!" என்று சுவருக்கு அந்தப் பக்கம் தேவகி கத்தினாள். "மழன்னா மேல இருந்து பேயணும். பக்கத்துல இருந்து ஏன்டி பேயுது?"

ஜெபசீலன் பள்ளியிலிருந்து அப்போதுதான் வந்து நின்றார். "இதத் தொட்டியில போட்டா மீனு ரெண்டும் மணவூர்லதான் போய் எறங்கும்" என்றார்.

"எறங்கட்டும் சார்," என்றார் தங்கவேல். "ஃபோர்ஸு எப்டி கீது, பாத்தீங்களா?"

மோட்டார் திரும்பிப் போனது. ஒரு மணி நேரத்தில் கூரியரில் டிசி பம்பு வந்தது. ஜெபசீலன் அதை சம்ப்புக்குள் இறக்கி ஓடவிட்டார். எனக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது: வழிகிற தண்ணீர் கீழே இறங்கும்போது குழாயில் ஒரு களகளப்பு கேட்டது. அவர் குழாயிலிருந்த வால்வைக் கால்வாசி திருகினார். அதுவும் அடங்கிவிட்டது.

"ஒண்ணும் கேக்கல இல்ல?" என்றார், புது மாப்பிள்ளை மாதிரி முகத்தோடு.

எனக்கு எல்லாமே கேட்டது. சுவர்க் கடிகாரம், குக்கருக்குள் தண்ணீர், என் சொந்தத் தொண்டை எச்சில் விழுங்குவது. இத்தனை நாள் இதெல்லாம் எங்கே இருந்தது என்று நினைத்தேன். இரவு ஒரு தாளில் நல்ல ஜெபம் ஒன்று எழுதிப் பார்த்தேன். லீவு லெட்டர் மாதிரி வந்தது. அதையே மனப்பாடம் செய்தேன். காலையில் தொண்டை கட்டியதாக இருமினேன். மாமியார் மிளகுப்பால் கொடுத்துக் குணமாக்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்தோம். முதலில் ஜெபதுரை மாமா, அடுத்து நான். மாமா ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கால் மணி நேரம் உருகி ஜெபிப்பதில் பேர்போனவர். நான் மடியில் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"கிருபையுள்ள தேவனே!" என்று கணீரென்று தொடங்கினார். பிறகு வழக்கம்போல் குரலை இறக்கினார். கண்கள் மூடியிருந்தன. கைகள் உருக்கமாக அசைந்தன.

"பேசின் பிரிட்ஜ்... வியாசர்பாடி... பெரம்பூர்..."

அங்கே யாருக்கோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"வில்லிவாக்கம்... கொரட்டூர்... பட்டரவாக்கம்..."

ஜெபசீலன் ஒரு கண்ணைத் திறந்தார். மாமா ஒரு ஸ்டேஷனையும் விடவில்லை. ஆவடியைத் தாண்டினார், திருவள்ளூரைத் தாண்டினார். "கடம்பத்தூர்... செஞ்சி பானம்பாக்கம்... மணவூர்..."

மணவூரில் நின்றுவிட்டார். கடிகாரம் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். காது மடல்கள் சிவந்தன. என்ன செய்வதென்று தெரியாமல், ஆமென்கூடச் சொல்லாமல், என் முழங்கையைத் தொட்டார்.

எழுதி மனப்பாடம் செய்திருந்த வரிகள் எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. மணவூரில் தனியாக நிற்கும் அந்த மனிதர் மட்டும் தெரிந்தார்.

"திருவாலங்காடு," என்றேன்.

ஜெபசீலன் இன்னொரு கண்ணையும் திறந்தார்.

"மோசூர். புளியமங்கலம். அரக்கோணம். இங்கெல்லாம் ரயிலுக்குக் காத்துகினு இருக்கறவங்கள ஊடு கொண்டுபோய் சேத்துடும் ஆண்டவரே. திருத்தணி. ஆமென்."

அது ஜெபம்தானா என்று தெரியவில்லை. பருப்பு இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

"இச்சிபுத்தூர விட்டுட்டியே," என்றார் மாமியார், கண்ணைத் திறக்காமல்.

சங்கிலி சுற்றிக்கொண்டு போனது. ஒவ்வொருவரும் அரை நிமிடத்துக்கு மேல் எடுக்கவில்லை. மாமியார் எப்போதும் பத்து நிமிடம் ஜெபிப்பவர். தன் முறை வந்ததும், "உமக்குத் தெரியாததா ஆண்டவரே, ஆமென்" என்று முடித்துக்கொண்டு டீ போட எழுந்துவிட்டார்.

டீ குடித்தபின் தொட்டியருகே வந்து நின்றார். "சீலா, வேகத்த கூட்டற பட்டன் எதுடா?"

ஜெபசீலன் பெருமையோடு காட்டினார்.

"கூட்டு."

கூட்டினார்.

"இன்னும்."

கோமாளி மீன்கள் இரண்டும் கண்ணாடியின் மூலையில் ஒட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தன. சத்தம் துளியும் வரவில்லை.

"ஆங், நல்ல பம்புதான்," என்றார் மாமியார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

ஜெபதுரை மாமா டீயை ஊதிக்கொண்டே மெல்லக் கேட்டார்: "ஏம்பா, லுங்கிய அடிச்சுத் தள்ளிச்சாமே, அந்தத் தங்கவேலு மோட்டாரு இன்னும் கீதா, வித்துட்டானா?"