ரோட்டை நான் பாத்துக்கறேன்

என் வீட்டுக்காரர் பச்சியப்பனை ஓரிடத்தில் உட்கார வைக்க யாராலும் முடியாது. டிரைவர் சீட்டில் மட்டும் மணிக்கணக்காக இருப்பார். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் தனியார் பஸ் ஒன்றை ஓட்டுகிறார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வண்டிதான் எனக்குச் சக்களத்தி.

போன மாசியில் மலை வளைவில் ஆட்டுக்கூட்டம் குறுக்கே வந்துவிட்டது. மேய்க்கிற அம்மாவும் நடுவில். இவர் பிரேக்கை மிதித்தார், வண்டி நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பயணிகள் கையைப் பிடித்துப் பாராட்டி டீ வாங்கிக் கொடுத்தார்களாம். ஆனால் அன்றிலிருந்து மனுஷனுக்குத் தூக்கமில்லை. கொஞ்சம் கண் அசந்தால் வலது கால் கட்டிலை ஓங்கி மிதிக்கும். பிபி ஏறிவிட்டது. "தூக்கம் வரணும், பிபி இறங்கணும். அதுவரைக்கும் வண்டி எடுக்காதீங்க. மாத்திரையோட தியானமும் பழகுங்க" என்றார் டாக்டர். வண்டி இல்லாவிட்டால் இவர் பாதி ஆளாகிவிடுவார். அது எனக்குத்தான் தெரியும்.

கல்யாண மண்டபத்தில் காலையில் தியான வகுப்பு. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நவநீதன் மாஸ்டர் மெதுவாகச் சொல்வார்: "கண்ணை மூடிக்கோங்க. மூச்சை மட்டும் கவனிங்க." ஓரக்கண்ணால் பார்த்தேன். மண்டபமே கண்ணை மூடியிருக்க, இவர் மட்டும் எதிர்ச்சுவரை முறைத்துக்கொண்டிருந்தார். மறுநாளும் அதே கதை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது பிடித்துக்கொண்டேன். "ஏங்க, கண்ண மூடறதுக்குக் காசா கேக்கறாங்க? உங்களுக்கு மட்டும் என்னங்க வந்துச்சு?"

ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மூடுனா அந்த வளைவு வருது மலரு. நானும் கண்ண மூடிட்டா ரோட்ட யாரு பாக்கறது?"

வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன். பஸ் நிறைய ஜனங்களுக்காக இத்தனை வருடம் திறந்தே இருந்த கண். அதை மூடச் சொல்லி நானும் சேர்ந்து திட்டிவிட்டேனே!

மறுநாள் என் பாயைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் பக்கம் போய் இவர் பக்கத்தில் விரித்தேன். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

"நீங்க மூடுங்க. ரோட்ட நான் பாத்துக்கறேன்."

"உனக்கு என்ன தெரியும்?"

"ஓட்டத் தெரியாதுங்க. பாக்கத் தெரியும். ஆடு வந்தா சொல்றேன்."

மாஸ்டர் அருகில் வந்தார். "நீங்களும் கண்ணை மூடணும்மா."

"முடியாதுங்க மாஸ்டர். நான் டூட்டில இருக்கேன்."

இவர் என்னையே பார்த்தார். பிறகு கண்ணை மூடினார். உடனே வலது கால் பாயை மிதித்தது. முழங்காலில் கை வைத்து, "ரோடு காலியா இருக்குதுங்க" என்றேன். மறுபடி மிதித்தது. மறுபடி சொன்னேன். மெல்ல மெல்லக் கால் தளர்ந்தது. மூச்சு நீண்டது. தலை சாய்ந்து என் தோளில் விழுந்தது. அத்தனை பேர் நடுவில் மனுஷன் குறட்டையே விட்டார். எனக்கு அவர்மேல் அவ்வளவு ஆசையாக வந்தது.

வகுப்பு முடிந்து எல்லோரும் பாயைச் சுருட்டினார்கள். இவரை எழுப்ப மாஸ்டர் வந்தார். பஸ்ஸை நிறுத்துவதுபோல் கையை நீட்டினேன். அப்படியே நின்றுவிட்டார்.

என் கண் நிறைந்து வழிந்தது. துடைத்தால் தோள் அசையும். அதனால் துடைக்கவில்லை, மூடவும் இல்லை.