நசுங்கிய பீடி

வெந்நீரில் நனைத்த துணியால் பலமுறை ஒற்றிய பிறகுதான், பிணமாய் விறைத்திருந்த பெத்தணனின் வலதுகை விரல்கள் இளகின. வெள்ளைத்தாய் அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளங்கையில் நசுங்கிய இரண்டு பீடிகள் ஒட்டிக்கிடந்தன.

யாரும் பார்க்கும் முன் அவற்றை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அவளுடைய அய்யா பீடி குடிக்கிறவர் இல்லை, விற்கிறவர். அதுவும் எல்லோருக்கும் விற்க மாட்டார். அச்சங்குளத்துக்குச் சாலை பிரியும் விலக்கில் இருந்த பெட்டிக்கடைக்கு மீசை முளைக்காத பயல் யார் வந்தாலும், கையை இழுத்து முகர்ந்து பார்ப்பார். வெடிமருந்து வாடை அடிக்கும். "அப்பனுக்குன்னா அப்பனே வரட்டும்" என்று காசைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். நான்கு வருஷத்துக்கு முன் பட்டாசுக் கம்பெனி வேலியோரம் ஒரு சிறுவன் ஒளிந்து பற்றவைத்த பீடியில் கொட்டகை எரிந்து, அவனும் செத்துப்போனான். அந்தப் பீடியை விற்றது தான்தான் என்று மகளிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

வெளியே அவள் புருஷன் தனுஷ்கோடி பாடைக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தான். வெள்ளைத்தாய் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"நேத்து எப்ப வந்து பாத்தீக?"

"எத்தன தடவ சொல்றது? சாத்தூருக்குச் சரக்கெடுக்கப் போயிருந்தேன். வந்து பாத்தா கடைக்குள்ள விழுந்து கெடக்காரு."

"சரக்கு எங்க?"

"இந்த நேரத்துல கேக்குற கேள்வியா இது?" அவன் நிமிரவில்லை. கயிற்றை இன்னும் இறுக்கினான்.

முருங்கை மரத்தடியில் ஊர்க்காவலன் என்கிற சிறுவன் தேம்பிக்கொண்டிருந்தான். பட்டாசுக் கம்பெனியில் திரி நறுக்குகிறவன், பன்னிரண்டு வயசுக்குமேல் இருக்காது. அய்யா பலதடவை விரட்டிவிட்ட பயல்களில் ஒருவன். சொந்தக்காரர்கள்கூட இப்படி அழவில்லை. தனுஷ்கோடி திரும்பிப் பார்த்ததும் அவன் அழுகையை விழுங்கிக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போனான். வெள்ளைத்தாய் அதைக் கவனித்தாள்.

பிணத்தைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் போனபிறகும் அவன் அங்கேயே நின்றான்.

"ஏலே, இங்கன வா."

வந்தான். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். பையனின் உதடு கோணியது.

"நானாக் கேக்கல அத்தை. தாத்தா சாப்பிடப் போற நேரத்துக்கு தனுஷ்கோடி மாமாதான் வரச்சொல்லுவாக. எங்க எல்லாருக்கும் அப்பத்தான் பீடி குடுப்பாக. நேத்து தாத்தா பாதி வழியிலயே திரும்பி வந்துட்டாக. என் கையில இருந்து புடுங்குனாக. மாமாவப் பாத்து 'நீயாடா'ன்னு கேட்டாக. அம்புட்டுத்தான், நெஞ்சப் புடிச்சிக்கிட்டு விழுந்துட்டாக."

"அப்ப மணி என்ன?"

"கம்பெனியில சாப்பாட்டு மணி அடிச்சு முடிக்கல. மாமா என்னைய ஓடிப்போயிருன்னாக. கடைப் பலகையைச் சாத்துனாக."

நேற்று அவளுக்குத் தகவல் வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வெள்ளைத்தாய் பையனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை.

தனுஷ்கோடி ஈர வேட்டியோடு திரும்பி வந்தான். அவள் வாசலை மறித்து நின்றாள்.

"கடப்பலகையச் சாத்துனப்ப அய்யாவுக்கு மூச்சு இருந்துச்சா?"

அவன் ஓரடி பின்னே வைத்தான். "எவஞ் சொன்னான்?"

"மூச்சு இருந்துச்சா?"

"நான் பயந்துட்டேன் வெள்ளை. ஊரு என்ன பேசும்? ரெண்டு பீடிதான. நாங் குடுக்காட்டி எவனாவது குடுக்கத்தாம் போறான்…"

அவள் மூன்றாம் முறை கேட்கவில்லை. கையை நீட்டினாள். அரைஞாண் கயிற்றில் கிடந்த கடைச்சாவியை அவன் அவிழ்த்துக் கொடுத்தான்.

காரியம் முடிந்த மறுநாள் வெள்ளைத்தாய் கடையைத் திறந்தாள். உச்சிவேளையில், கம்பெனியில் சாப்பாட்டு மணி அடித்த நேரத்துக்குத் தனுஷ்கோடி தூக்குவாளியோடு வந்து நின்றான்.

"வீட்டுக்குப் போய்ச் செத்த நேரம் படுத்து எந்திரிச்சு வா. நான் பாத்துக்கிறேன்."

"வேணாம். அங்கன வச்சிட்டுப் போங்க."

அவன் போகவில்லை. வெயிலில் நின்றான். அவள் வாளியைத் திறந்து, கடைக்குள் இருந்தபடியே சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். கடைசிக் கவளம்வரை அவன்மேல் இருந்த கண்ணை எடுக்கவில்லை.