நார்வே குடை

சாளரம் என்ற செயலியைத் தடை செய்த பிறகு, அதைப் பார்க்க விரும்பியவர்கள் வெளிநாட்டுக் குடை பிடிக்க வேண்டியிருந்தது. நார்வே குடையின் கீழ் நிற்பவர் நார்வேயில் இருக்கிறார். அங்கே தடை இல்லை என்பதால் போனில் சாளரம் திறந்துகொள்ளும். அங்கே பனி பெய்தால் குடைக்குள்ளும் பெய்யும்.

தடைக்கு முந்திய வருடம் முழுவதும் காசிம் பாய் விற்ற குடைகள் மூன்று. ஒன்றை ஒரு பேராசிரியர் வாங்கினார். மற்ற இரண்டையும் வாங்கியவர் ஒருவரே. அவருக்கு எல்லோர் மேலும் சந்தேகம்.

தடை போட்டதால் சாதாரண ஜனங்களும் குடைக்குப் போகிறார்களா என்று நகராட்சிக்குத் தெரிய வேண்டியிருந்தது. முப்பத்தோரு வருடம் பஸ் நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்தவன் என்பதால் எண்ணுவதற்கு என்னை அழைத்தார்கள். வெளிநாட்டு மழை வீட்டுக்குள் பெய்தால் சுவர் ஊறிவிடும். ஆகவே குடைக்காரர்கள் எல்லோரும் குளத்து மைதானத்துக்குப் போனார்கள். போக ஒரே வழிதான். அந்த வழியில் சுண்ணாம்புக் கோடு போட்டு, பக்கத்தில் ஓர் இரும்பு நாற்காலியும் வைத்துக் கொடுத்தார்கள். முப்பது நாளில் ஐயாயிரம் வந்தால் குடைக்கும் தடை. வராவிட்டால் குடை தொடரலாம்.

"அவ்வளவு வராது பெரியவரே," என்றார் அதிகாரி பால்துரை. "நம்ம ஆளுங்க ரெண்டு நாள்ல மறந்துருவாங்க."

முதல் நாள் நாற்பத்தொன்று. ஆறாம் நாள் நூற்றெழுபது. எட்டாம் நாளிலிருந்து இருநூறுக்குக் குறையவில்லை.

என் மனைவி சொர்ணம் தினமும் மூன்று ஐம்பதுக்குக் கோட்டைத் தாண்டுவாள். வேலை நேரத்தில் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. எங்கள் மகள் மணிமொழி வீட்டை விட்டுப் போய் இரண்டு வருடம் ஐந்து மாதம் ஆகிறது. அவள் கிளம்பிய அன்று, "இனி இந்த வீட்டில் இரண்டு பேர்," என்று சொன்னவன் நான். அவள் தன் எண்ணை மாற்றிக்கொண்டாள். எந்த ஊரில் இருக்கிறாள் என்று தெரியாது; அங்கே தடை இல்லை. சாளரத்தில் மட்டும் தினமும் நான்கு மணிக்கு ஒரு நிமிடம் வருவாள். மாடிப்படி, கொடியில் துணி, இப்போது ஒன்பது மாத வயிறு. சொர்ணம் கொண்டையில் பனியோடு திரும்பி வந்து, பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொல்வாள். நானும் கேட்காதவன்போல் கேட்டுக்கொள்வேன்.

இருபத்தாறாம் நாள் மொத்தம் 4,988. சாப்பிடும்போது சொர்ணம் கேட்டாள்.

"என்னை எத்தனை தடவை எழுதியிருக்கீங்க?"

"ஐம்பத்திரண்டு."

"நான் ஒருத்திதானே?"

பஸ் நிலையத்தில் போனால் ஒரு நடை, வந்தால் ஒரு நடை. ஆளில்லாத பஸ்ஸும் ஒரு நடைதான். மடக்கிய குடையையும் நான் அப்படியே எழுதியிருந்தேன். தாளில் போட்டுப் பார்த்தேன். எல்லோரும் அவளைப் போலத் தினமும் போய் வந்திருந்தால், மொத்தமே தொண்ணூற்றாறு பேர். அதிலும் நான்கு நடை குறைகிறது.

காலையில் பால்துரையிடம் போய்ச் சொன்னேன்.

"பேனாவுல எழுதினீங்களா, பென்சில்லயா?"

"பேனாவில், சார்."

"அப்ப மேல போயிருச்சு. போனது கீழ வராது. இன்னும் நாலு நாள் இருக்கு. இதே மாதிரி எழுதுங்க. நடுவுல முறையை மாத்தினா அதுக்கு வேற கமிட்டி வரும்."

நான் கோட்டுக்கு வந்து சேர்வதற்குள், பன்னிரண்டு நடைதான் மிச்சம் என்று காசிம் பாய் ஊருக்குச் சொல்லியிருந்தார். எல்லோரும் மடக்கிய குடையோடு கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றார்கள். தவிர்க்க முடியாத ஐந்து பேர் மட்டும் போய் வந்தார்கள். ஆறாவதாக ஒருவர் பிரேசில் குடையோடு போனார். திரும்பி வந்தால் எண்ணிக்கை கூடும் என்று மைதானத்திலேயே நின்றுவிட்டார். 4,999.

மூன்று ஐம்பதுக்கு சொர்ணம் வந்தாள். கூட்டம் வழிவிடவில்லை.

"மதினி, நாலு நாள் பொறுத்துக்கிட்டா குடை நிலைக்கும்," என்றார் காசிம் பாய். "நீங்க கால் வச்சா நாளைக்கு யாருக்கும் இல்ல."

"நேத்தே வலி எடுத்திருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு போட்டிருக்கா. நாலு நாள் பொறுக்கச் சொல்லி அவகிட்ட யாரு சொல்றது, நீங்களா?"

காசிம் பாய் என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, ஒரே ஒரு தடவை அந்தப் பக்கம் திரும்பிக்கிடுங்களேன்."

எல்லோரும் என் பேனாவைப் பார்த்தார்கள். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. சொர்ணத்தின் செருப்பு கோட்டுக்கு இரண்டு விரற்கடை முன்னால் நின்றது.

"போகட்டுமா?" என்றாள்.

"போனால் ஒன்று," என்றேன்.

அவள் தாண்டினாள். நான் ஒரு கோடு இழுத்தேன். 5,000. பேனாவை மூடிவிட்டு, முதல் முறையாக நாற்காலியை விட்டு எழுந்து அவள் குடைக்குள் போனேன். பனி கணுக்கால் வரை இருந்தது.

நான்கு மணிக்கு மணிமொழி வந்தாள். கட்டில், வெள்ளைத் துணி, அதற்குள் சிவந்த ஒரு முகம். குரல் கம்மியிருந்தது.

"நார்வேயில இருந்து தினமும் ஒருத்தர் பார்க்கிறீங்க. யாருன்னு தெரியல. பொண்ணு பிறந்திருக்கா. உங்களுக்குத்தான் முதல்ல காட்டுறேன்."

திரையின் அடியில் "நார்வே: 1" என்று இருந்தது. அது தவறு. இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கே சொல்லித் திருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. சொர்ணம் என் தோளில் இருந்த பனியைத் தட்டிவிட்டாள்.

திரும்பும்போது 5,001.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் குடைக்குத் தடை வந்தது. எட்டரைக்கு காசிம் பாய், போட்டால் ஆள் கண்ணுக்குத் தெரியாத சட்டையை விற்க ஆரம்பித்தார். குடை வைத்திருந்தவர்கள் வாங்கினார்கள். அதுவரை குடையே வாங்காதவர்களும் வாங்கினார்கள். அதைப் போட்டுக்கொண்டவர் எந்த நாட்டிலும் இல்லை. சாளரம் திறக்கும், குளிராது. ஆனாலும் பழக்கத்தில் எல்லோரும் மைதானத்துக்கே போனார்கள். சொர்ணம் இரண்டு வாங்கி வந்தாள். ஒன்று எனக்கு.

மாலை ஐந்து மணிக்கு பால்துரை வந்து, தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார். ஒருவரும் இல்லை. அவர் முகம் தெளிந்தது. பிறகு காலி நாற்காலியைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னைக்கு எத்தனை குடை, பெரியவரே?"

"ஒன்றுமில்லை, சார்," என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். சுண்ணாம்புக் கோட்டில் அதுவரை விழுந்த காலடிகள் ஆயிரத்து முந்நூற்றேழு. அதை அவர் கேட்கவில்லை.