சீமெந்துக்கடை வல்லரசு

"அடுத்தவன்ட நாட்டப் புடிச்சவனப் புகழுற ஆளுக்கு என்ட புள்ள இல்ல!"

முத்தலிப்பின் சத்தம் ஓட்டமாவடிச் சந்தி வரைக்கும் கேட்டிருக்கும். மகள் றிஸானாவின் கல்யாணத்துக்கு நாள் குறிக்க வந்த மாப்பிள்ளை ஷிஹான் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிப்பவர். வகுப்பே கூச்சல் போட்டாலும் பாடத்தை நிறுத்தாத பழக்கம்; இங்கும் நிறுத்தவில்லை.

"புடிச்சது பிழதான் மாமா, நான் இல்லெண்டு சொல்லல்ல. ஆனா அமெரிக்கா எண்டா கரையோரத்துல பதிமூணு துண்டாக் கிடந்த நாடு. மத்தக் கடல் வரைக்கும் போனான். அலாஸ்காவ ரஷ்யாக்காரன்ட்ட வெலைக்கு வாங்கினான். ஸ்பெயினோட அடிபட்டு பிலிப்பைன்ஸ எடுத்தான். பனாமாவ வெட்டி ரெண்டு கடலையும் சேத்தான். சும்மா குந்திட்டிருந்தா வருமா?"

"அங்க முதல் இருந்த சனம் எங்க? அதையும் சொல்லுங்களன்!"

அறைத் திரைக்குப் பின்னால் நின்ற றிஸானா திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். வாப்பாவைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்த மாப்பிள்ளை, பிலிப்பைன்ஸால் கைநழுவப் பார்க்கிறார். அது எந்தப் பக்கம் இருக்கிறதென்றுகூட அவளுக்குத் தெரியாது. மாப்பிள்ளை முன்னால் பெண் வரக்கூடாதாம், வந்துவிட்டாள்.

"வாப்பா, நீங்க ஏறாவூர்லரிந்து உம்மாட ஊட்டுக்கு மாப்பிள்ளையா வரக்குள்ள என்ன கொண்டு வந்தீங்க?"

"ஒரு பேக்," என்றார் முத்தலிப்.

"அதுவும் ஸிப் இல்லாதது," என்றது குசினிக்குள்ளிருந்து அவர் மனைவி ஆசியா உம்மாவின் குரல்.

"முதல்ல விறாந்தையில நாலு மூட சீமெந்து வெச்சீங்க. புறகு முழு விறாந்தையும் கட. புறகு உம்மும்மாட கோழிக்கூடு இருந்த எடம். பக்கத்து வளவ வெலைக்கு வாங்கினீங்க. வேலிச் சண்ட புடிச்சுப் பின் வளவையும் எடுத்தீங்க. இப்ப வாழைச்சேனையிலயும் கட."

"எங்கட உம்மா கோழி வளக்கிறதையே உட்டுட்டா," என்றாள் ஆசியா உம்மா.

ஷிஹானுக்கு உண்மையிலேயே வியப்பு. "அமெரிக்காவுக்கு நூறு வருஷத்துக்கு மேல போச்சு மாமா. நீங்க முப்பது வருஷத்துல முடிச்சிரிக்கீங்க!"

மனிதர் பாய்வார் என்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த நாலைந்து தலைகள் காத்திருந்தன. முத்தலிப்போ சாறனை இறுக்கிக்கொண்டு, சிரிப்பை மறைக்கத் தெரியாமல் வேறெங்கோ பார்த்தார்.

"முப்பதில்ல, இருவத்தெட்டு," என்றார். பிறகு கொஞ்சம் தணிந்து, "ஒண்டுமில்லாம வந்தவனுக்குத்தான் அந்த வெறி தெரியும். நோம்புக்கு முந்தி நிக்காஹ வெப்பம்."

கோழிக்கூட்டைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

நிக்காஹ் நடந்தது. கல்யாணமானால் தாய்வீடு பெண்ணுக்கு என்ற எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு றிஸானாவுக்கு. ஷிஹான் இரண்டு பெட்டி புத்தகங்களோடு குடிவந்தார். முத்தலிப்பும் ஆசியா உம்மாவும் வாழைச்சேனையில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.