கயிறு இழுத்தவர்கள் வீடு

வள்ளியம்மாளுக்குப் பெருமை கொஞ்சம் சீக்கிரமே வந்துவிடும். மகள் மணிமொழி எலிகளை வைத்து மூட்டுவலி மருந்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள், தை பிறந்தால் டாக்டர் பட்டம் என்று தெரிந்த நாள் முதல் சுரங்கக் குடியிருப்பின் இருபத்தோராம் பிளாக்கில் காய்கறி வண்டிகூட அவளைச் சும்மா தாண்டிப் போனதில்லை. கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே சேதியைச் சொல்லிவிடுவாள். மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் 'டாக்டர் ச. மணிமொழி' என்று பெயர்ப் பலகையே எழுதி வாங்கி, செய்தித்தாளில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தாள். மகள் பார்த்தால் திட்டுவாளே என்றுதான் அங்கே கிடந்தது. இல்லாவிட்டால் என்றைக்கோ கேட்டில் ஏறியிருக்கும்.

இத்தனை அவசரத்துக்கு ஒரு காரணம் உண்டு. அவள் புருஷன் சக்கரபாணி சுரங்கத்தில் பெல்ட் ஆபரேட்டர். நிலக்கரிக்கு மேலே கிடக்கிற மண்ணைச் சுமந்துகொண்டு மைல் கணக்கில் ஓடும் பெல்ட் அது. அதன் ஓரம் நெடுக ஒரு கயிறு கட்டியிருக்கும். ஆபத்து என்று கண்ணில் பட்டால் பெர்மனென்டோ கான்ட்ராக்டோ, யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். இழுத்தால் மொத்தமும் நின்றுவிடும். ஏன் இழுத்தாய் என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்க ஆரம்பித்தால் அடுத்த முறை இழுக்க வேண்டியவன் கை தயங்கும், அந்தத் தயக்கத்தில் ஒரு உயிர் போகும்.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில், பெல்ட்டில் ஆள் விழுந்து கிடக்கிறான் என்று சக்கரபாணி கயிற்றை இழுத்தார். எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தால், ஈரத்தில் சுருண்டு கிடந்த ஒரு கோணி. அதிகாரிகள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் கூட வேலை செய்தவர்கள் சும்மா விடுவார்களா? அன்றைக்கு 'கோணி சக்கரபாணி' ஆனவருக்கு இன்றைக்கு வரைக்கும் அதே பேர்தான். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். வள்ளியம்மாளுக்குத்தான் வயிறு எரியும். எதிர் குவார்ட்டர்ஸ் ஆரோக்கியம்மாள் ஒருமுறை விளையாட்டாக அந்தப் பேரைச் சொல்லப்போய், இரண்டு வீட்டுக்கும் ஒரு மாசம் பேச்சுவார்த்தை இல்லை. மகள் பேருக்கு முன்னால் டாக்டர் வந்துவிட்டால் இந்தக் கோணி ஒழியும் என்பது வள்ளியம்மாளின் கணக்கு.

மகளோ அதே கயிற்றைக் கொண்டுபோய்க் கல்லூரியில் கட்டிவிட்டாள். கடலூர் பக்கத்துப் பார்மசி கல்லூரி அது. ஆய்வு விலங்குகளுக்காக அங்கே இருக்கும் குழுவிடம் பேசி, எலி அறையில் கூண்டு அடுக்குகளுக்கு மேலே ஒரு சிவப்புக் கயிறு கட்ட வைத்தாள். எலிகளுக்குச் சத்தம் ஆகாது என்பதால் மணி கிடையாது. இழுத்தால் கதவுக்கு மேலே சிவப்பு பல்பு எரியும். எலி வலியில் இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் போதும், கூண்டு கழுவுகிறவர்கள்கூட இழுக்கலாம். கால்நடை மருத்துவர் வந்து பார்க்கும்வரை அந்த எலிகளுக்கு ஊசி கிடையாது. இழுத்தவரை யாரும் கேள்வி கேட்கக் கூடாது. எதைக் கவனிக்க வேண்டும் என்றும் அவளே எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தாள். நன்றாக இருக்கிற எலி, போட்ட காகிதத்தைக் கிழித்துத் தனக்கு மெத்தை கட்டிக்கொள்ளும். வலியில் இருக்கிற எலி கட்டாது.

"எலிக்கு மெத்தையாம்" என்று வள்ளியம்மாள் காய்கறி வண்டிக்காரரிடம் சொல்லிச் சிரித்தாள்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம், அந்த அறையில் கூண்டு கழுவும் செவ்வந்தி வாசலில் வந்து நின்றாள். பக்கத்து ஊரான வடக்குத்துக்காரி. மணிமொழியோடு ஒரே பஸ்ஸில் போய் வருகிறவள், வீட்டுக்கும் பழக்கம். கண் வீங்கியிருந்தது.

"உள்ள வா செவ்வந்தி. எதுக்கு அழுவற?"

"யக்கா, மேடம் படிப்ப நான் கெடுத்துட்டேங்க்கா. கயித்த இழுத்துட்டேன்."

"யாரு எலிக்கு?"

"மேடம் எலிக்குத்தான். கடேசி அடுக்கு. நேத்து போட்ட பேப்பரு அப்படியே கெடந்துது, ஒண்ணுகூட கிழிக்கல. மூலையில குந்திகினு இருந்துச்சிங்க. எனக்கு மனசு கேக்கல."

அந்தக் கடைசி அடுக்கு முடிந்தால்தான் ஆய்வு முடியும், தையில் பட்டம் வரும். கொஞ்ச நாள் பொறுக்க மாட்டியா பாவி என்ற வார்த்தை வள்ளியம்மாளின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, "மணி என்னா சொன்னா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமே கேக்கல. மருந்து ஏத்தின ஊசி கையில இருந்துது, கீழ வெச்சிட்டாங்க. அவங்க கைடு சாரு வந்து, யாரும் பாக்கல, பல்ப அணைச்சிட்டு ஊசிய போடும்மா, இன்னும் நாலே நாளுதான்னாரு. மேடம் போயி சுவிச்ச மறைச்சிகினு நின்னுட்டாங்க. டாக்டர் வராம அணைக்க வுட மாட்டேன் சார்னாங்க. டாக்டருக்குச் சொல்லி வுட்டுருக்கு. அவரு வந்து ஒண்ணுமில்லன்னுட்டா? நான் தப்பா இழுத்திருந்தா என்னக்கா பண்ணுவேன்? மேடம் மூஞ்சப் பாக்க முடியாமதான் அரை நாள் லீவு சொல்லிட்டு இங்க ஓடியாந்துட்டேன்."

சுவிட்சை மறைத்துக்கொண்டு நிற்கிற மகள் வள்ளியம்மாளின் கண்முன் வந்தாள். பட்டம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது, எதிரே வாத்தியார் நிற்கிறார், இவள் எலிக்காக நிற்கிறாள். வந்த கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை. பெற்றவளுக்குப் பெருமையில் உடம்பு சிலிர்த்தது. வண்டிக்காரரிடம் அளந்த பெருமை வேறு, இது வேறு.

அடுப்பில் பால் வைத்துக்கொண்டே பேசினாள்.

"இந்த வூட்டு மனுசன் ஒரு கோணிக்காக மொத்த பெல்ட்டையும் நிறுத்தினாரு, தெரியுமா ஒனக்கு? இன்னிக்கும் அத சொல்லிச் சிரிச்சிகினு இருக்கானுவ. அது கோணின்னு கிட்ட போனப்புறம்தான தெரிஞ்சிது. ஆளா இருந்திருந்தா?"

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை அவள் யாரிடமும் கேட்டதில்லை, தன்னிடம்கூட. கேட்டபிறகுதான் அதற்குப் பதிலே தேவையில்லை என்பது புரிந்தது.

"கயித்த இழுத்தவங்கள கேள்வி கேக்கறது இந்த வூட்டுல கெடையாது. நீ டீய குடி" என்றாள்.

மணிமொழி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அம்மாவின் ஏச்சுக்குத் தயாராக முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு வந்தவள், அங்கே செவ்வந்தி உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"டாக்டர் பார்த்துட்டாரு செவ்வந்திக்கா. நீங்க இழுத்தது சரி. அதுங்களுக்குக் கால் மூட்டெல்லாம் அளவுக்கு மீறி வீங்கிக் கிடந்துச்சு. அவசரத்துல நான் கவனிக்கல. வலிக்கு மருந்து குடுத்தாச்சு, ஆய்வ நிறுத்தியாச்சு." பிறகு அம்மாவைப் பார்க்காமலே சொன்னாள். "மூட்டு வீங்க வைக்கப் போடற மருந்தோட அளவக் குறைச்சு, எலியையும் குறைச்சு மறுபடி ஆரம்பிக்கணும். இன்னும் ஒரு வருஷம் ஆகும்மா."

"ஆவட்டுமே" என்றாள் வள்ளியம்மாள். "என் முட்டி வலி எங்க ஓடிடப் போவுது. கைகால கழுவிட்டு வா, சாப்புடலாம்."

ஷிப்ட் முடிந்து வந்த சக்கரபாணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பல்ப யாரும் அணைக்கலியே?"

"இல்லப்பா."

"அது போதும்" என்று துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். வழக்கத்தைவிடச் சத்தமாகப் பாடிக்கொண்டே குளித்தார்.

மறுநாள் காலையில் வண்டிக்காரரிடம் வெண்டைக்காய் ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்த ஆரோக்கியம்மாள், வள்ளியம்மாளைக் கண்டதும் கேட்டாள்.

"என்ன வள்ளி, தை பொறந்தா பட்டம்னு சொன்னியே. ஏற்பாடெல்லாம் எப்படி?"

"தையில இல்ல ஆரோக்கியம். இன்னும் ஒரு வருஷம் ஆவும். எலிங்க வலியில இருக்குதுன்னு அவளே நிறுத்திட்டா."

"கடைசி நேரத்துலயா? அடப்பாவமே. யாரு மாதிரி பொறந்துருக்கா இவ?"

வள்ளியம்மாள் ஒரு வெண்டைக்காயைப் படக்கென்று ஒடித்துக் கூடையில் போட்டாள்.

"கோணி சக்கரபாணி பொண்ணு, வேற யாரு மாதிரி பொறப்பா?" என்றாள், தெருவுக்கே கேட்கிற மாதிரி.