இடைச்சுவர் சன்னல்

"டைல்ஸ் ஒட்டுறது, பெயிண்ட் அடிக்கிறது, சன்னல அடைக்கிறது, இதுக்கெல்லாம் எந்த ஆபீசுலயும் கேக்கத் தேவல யக்கா. மாடி எடுத்தாதான் பிளான் அப்ரூவல்," என்றார் சமையற்கட்டைப் புதுப்பிக்க வந்த கொத்தனார் இளவரசு.

சிதம்பரத்தில் வேலை பார்க்கும் மகள் சிந்துஜாவும் போனில் அதையேதான் சொன்னாள். "நம்ம வூடு, நம்ம செவுரு. யாரக் கேக்கணும்மா?"

யாரைக் கேட்க வேண்டும் என்று மகேஸ்வரிக்குத் தெரியும். அதுதான் முள்ளாக நின்றது.

சிங்காரத்தோப்பில் மகேஸ்வரியின் கணவரும் அவர் அண்ணனும் பாகம் பிரித்தபோது ஒரே வீட்டின் நடுவில் எழுந்த சுவர் அது. இந்தப் பக்கம் மகேஸ்வரி, அந்தப் பக்கம் ஓர்ப்படி மங்கலம். சுவர் எழும்பும்போதே மங்கலம் அதட்டி, இரண்டு சமையற்கட்டுக்கும் நடுவே ஒரு குழம்புச் சட்டி நுழையும் அளவுக்குச் சன்னல் விட வைத்தாள். "ஆம்பளைங்க பாகம் பிரிச்சிக்கட்டும். நாம எதுக்குக் கொழம்பப் பிரிக்கணும்?"

அதன் வழியே சுறாப்புட்டு போனது, பலாச்சுளை வந்தது. காய்ச்சலில் அழுத கைக்குழந்தை சிந்துஜாகூட ஒருமுறை பெரியம்மா கைக்குப் போனாள். வந்த பாத்திரம் வெறுமையாகத் திரும்பாது. ஒன்றுமில்லாத நாளில் உப்பாவது இருக்கும். வெறும் பாத்திரம் திரும்பினால் உறவு வேண்டாம் என்று பொருள்.

பிறகு ஒரு மீன்பிடித் தடைக்காலம், மங்கலத்தின் கணவர் கடலுக்குப் போக முடியாத நாட்கள். மகேஸ்வரியின் கணவர் அப்போதுதான் கடலை விட்டுவிட்டு, சிதம்பரத்தில் மாதச் சம்பளத்துக்குப் போயிருந்தார். கறிக்குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றிச் சன்னல் வழியே கொடுத்துவிட்டு அவரைப் பார்க்கப் போனாள். மறுநாள் திரும்பி வந்தபோது விளிம்பில் கிண்ணம் இருந்தது. அடியில் கொஞ்சம் தண்ணீர், அலம்பிய தண்ணீர். வேறொன்றும் இல்லை.

சம்பளக்காரன் வீட்டுக் குழம்பு கசக்கிறதாக்கும் என்று நினைத்தாள். சன்னலில் பலகையை வைத்து ஆணி அடித்தாள்.

அண்ணனும் தம்பியும் வழக்கம்போலப் பேசிக்கொண்டார்கள். இவர்கள் இருவரும் மட்டும் கல்யாணப் பந்தியில்கூட வேறு வேறு வரிசை. கோபம் எப்போதோ ஆறிவிட்டது. யார் முதலில் என்பதுதான் ஆறவில்லை. பலகை இடுக்கில் தாளிக்கும் வாசனை வந்தால், அங்கே இன்றைக்கு என்ன குழம்பு என்று அவள் மூக்கு தானாகவே சொல்லிவிடும். சொன்ன மூக்கின்மேல்தான் அவளுக்கு எரிச்சல் வரும்.

"கலவை போட்டாச்சு யக்கா. பலகையக் கழட்டட்டுமா?"

அடைத்துவிட்டால் இனி வாசனையும் வராது. மனம் அங்கேயே நிற்க, வாய் மட்டும் "கழட்டு" என்றது.

பலகை கழன்றதும் வெளிச்சம் விழுந்தது. அந்தப் பக்கமும் ஒரு பலகை இருக்கும் என்றே இத்தனை வருடமும் அவள் நினைத்திருந்தாள். ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்து விளிம்பு தூசியில்லாமல் துடைக்கப்பட்டிருந்தது. அடுப்பருகே மங்கலம், கையில் கரண்டியோடு.

"எதுக்குடா இடிக்கிறீங்க?"

"இடிக்கல பெரியம்மா, அடைக்கப் போறோம்," என்றார் இளவரசு.

"அடைங்க. அவதான் எப்பவோ அடைச்சிட்டாளே. நான் என்ன கொற வச்சேன்? கையில ஒண்ணுமில்லாத நேரத்துலயும் ரெண்டு கல்லு உப்பு போட்டுத்தான கிண்ணத்த வச்சேன்."

அந்தத் தண்ணீர் மகேஸ்வரியின் கண்முன் வந்தது.

"ஈரத்தோட போட்டீங்களாக்கா?"

"ஆமா, தொடச்சிப் போட நீ என்ன கலெக்டரா?"

"கரைஞ்சு தண்ணிதான்க்கா இருந்துச்சு. கழுவுன தண்ணின்னு கொட்டிட்டேன்."

மங்கலம், "அடிப்பாவி! நக்கிப் பாத்திருக்கக் கூடாதா?" என்று வெடித்தாள். திட்டா சிரிப்பா என்று இளவரசுக்கு விளங்கவில்லை.

"கலவை இறுகுது யக்கா…"

"சுத்தி மட்டும் டைல்ஸ் ஒட்டு தம்பி. சட்டி நொழையணும்," என்றாள் மகேஸ்வரி.

"அடுப்பத் தூக்கி வெளிய வச்சிட்ட, மத்தியானம் என்னத்தத் திம்ப?" என்றபடி மங்கலம் சன்னலில் கிண்ணத்தை நீட்டினாள். நெத்திலிக் குழம்பு. மூக்கு காலையிலேயே சொல்லியிருந்தது.

சாப்பிட்டு முடித்துக் கிண்ணத்தைக் கழுவினாள். மூட்டை கட்டிய சாமான்களுக்கு நடுவே உப்புச் சாடி மட்டும்தான் கைக்கு அகப்பட்டது. முந்தானையால் கிண்ணத்தைத் துடைத்தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, இன்னொருமுறை துடைத்தாள்.